‘உன்னைப் பற்றிச் சொல்’: விண்ணப்பப் படிவத்தின் சின்னக் கேள்விகள்

(மாவட்ட அளவிலான உயர்கல்வி வழிகாட்டல் பயிற்சியில் ஆற்றிய உரை)



உயர்கல்வி வழிகாட்டல் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது மதிப்பெண்தான். பொறியியல் கலந்தாய்வு என்றால் 200க்குக் கட்-ஆஃப் எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவோம். ஆனால், இப்போது நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கும் சில பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. ‘நீங்கள் முன்னின்று செய்த ஒன்றைச் சொல்லுங்கள்’, ‘இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள்?’ என்று கேட்டு, கீழே ஒரு சின்னக் கட்டம் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தின் முன்னால் பிள்ளைகள் திணறுகிறார்கள். நானும் திணறி, ஒரு தவறும் செய்தேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் வெளிநாட்டு வழக்கத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகம் எட்டுக் கேள்விகள் தருகிறது. மாணவர் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் எழுத வேண்டும். எந்த நான்கை எடுத்தாலும் மதிப்பு ஒன்றுதான். பிரிட்டனில் முன்பு ஒரே நீண்ட கட்டுரை கேட்டார்கள். 2026ஆம் ஆண்டு சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். இந்தப் பாடம் ஏன், படிப்பு உன்னை இதற்கு எப்படித் தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்பவையே அந்த மூன்று. ஒரே மாதிரி எழுதப்பட்டவற்றைக் கண்டுபிடிக்க அங்கே மென்பொருளும் வைத்திருக்கிறார்கள். ஆக, அவர்கள் தேடுவது அலங்கார நடையை அல்ல, எழுதிய பிள்ளையை.

இனி என் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் பிளஸ் டூ படித்த ஒரு மாணவி, ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். நான் ஆங்கில ஆசிரியை என்பதால் தலைமையாசிரியர் என்னிடம் அனுப்பினார். கடைசித் தேதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. “எழுத எதுவும் இல்லை டீச்சர்” என்றாள். நானே உட்கார்ந்து எழுதினேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் அவள் தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டாள் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதி முடித்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

நேர்காணலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம்: “அந்த முகாமில் நீ எடுத்த கடினமான முடிவு எது?” அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்து என்னிடம், “அதுல இருக்கறது நான் இல்லையே டீச்சர்” என்றாள். இடம் கிடைக்கவில்லை. என் பதில்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது. ஆனால், அவள் அம்மா நடத்தும் இட்லிக் கடையின் கடன் நோட்டை ஏழாம் வகுப்பிலிருந்தே அவள்தான் எழுதி வந்தாள் என்பதும், யாருக்கு இனிக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று அவள்தான் முடிவு செய்தாள் என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அவள் சேர விரும்பியது பொருளியல். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அடுத்த ஆண்டு ஒரு மாணவன் வந்தான். இந்த முறை பேனாவை மூடி வைத்துவிட்டேன். “தலைமைன்னா கிளாஸ் லீடர்தானே டீச்சர்? நான் லீடரா இருந்ததே இல்லை” என்றான். “சரி, நீ போய்ப் பேசியதால் ஏதாவது மாறியிருக்கிறதா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பேருந்துக் கதையைச் சொன்னான். அவன் ஊரிலிருந்து ஒன்பது பேர் வருகிறார்கள். மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் நகரப் பேருந்து வந்து சேரும். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தான், எதுவும் நடக்கவில்லை. அடுத்த முறை ஒன்பது பேரின் பெயர், வகுப்பு, ஒரு மாதத்தில் தாமதமான நாட்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கொடுத்தான். பேருந்து நேரம் மாறியது. “இதையெல்லாம் எழுதலாமா டீச்சர்?” என்று கேட்டான்.

அதையே எழுதினான். முதலில் என்னிடம் தமிழில் வாயால் சொன்னான், பிறகு தமிழில் எழுதினான், கடைசியில்தான் ஆங்கிலம். பிழைகளை மட்டும் திருத்தினேன். நேர்காணலில் அந்தப் பேருந்தைப் பற்றியே வெகுநேரம் கேட்டார்களாம். சளைக்காமல் பதில் சொல்லியிருக்கிறான். இடம் கிடைத்தது. மதிப்பெண்ணும் இருந்தது, மறுக்கவில்லை.

அதிலிருந்து நான் கடைப்பிடிப்பவை நான்கு. ஒன்று, ‘உன் குணம் என்ன?’ என்று கேட்காமல், ‘அன்றைக்கு என்ன நடந்தது?’ என்று கேட்பது. இரண்டு, எழுதியதில் வேறு எந்தப் பிள்ளையும் எழுதக்கூடிய வரி இருந்தால் அடித்துவிடச் சொல்வது. ‘சிறுவயது முதலே எனக்கு ஆர்வம்’ என்பது அப்படிப்பட்ட வரி. மூன்று, வறுமையையும் துயரத்தையும் எழுதியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தாதிருப்பது. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது அந்தப் பிள்ளையின் உரிமை. நான்கு, கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளிப்போடாதிருப்பது.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், ‘இது எங்களுக்கு எதற்கு?’ என்று நினைக்கலாம். ‘எனது பள்ளி’, ‘எனது நண்பன்’ என்ற கட்டுரைகளை நாற்பது பிள்ளைகளும் ஒரே மாதிரி மனப்பாடம் செய்து எழுதுவது உங்கள் வகுப்பில்தான் தொடங்குகிறது. நானும் அப்படித்தான் எழுதி வளர்ந்தேன். வாரம் ஒருநாள், ‘நேற்று உன்னைச் சிரிக்க வைத்தது எது?’ என்பது போல ஒரு கேள்வி கேளுங்கள். மூன்று வரி போதும். மதிப்பெண் போட வேண்டாம். படித்துப் பார்த்தால் போதும். அப்படிப் பழகிய பிள்ளை, பிளஸ் டூவில் அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்த்து, எழுத எதுவும் இல்லை என்று சொல்லாது.