திரை உண்ணும் மின்சாரம்

டில்லியிலிருந்து சென்னைக்கு இரயிலில் செல்கிறோம். இரவுக்குள் அனுப்பவேண்டிய விண்ணப்பம் முடியுமுன்னரே மடிக்கணினியின் மின்கலம் ஓய்ந்துவிடுகிறது. எழுதுதல், படித்தல் போன்ற எளிய வேலைகளில் மின்சாரத்தின் பெரும்பங்கை உண்பது திரையே.

சாதாரணத் திரவப் படிகத் திரையின் பின்னே ஒரு விளக்கு இடைவிடாது எரிகிறது. படம் கறுப்பாயினும் விளக்கு அணைவதில்லை. ஆகவே, கறுப்புப் பின்னணியால் அங்கே பயன் மிகுதியன்று. விளக்கின் ஒளியைக் குறைப்பதே வழி. ஓ.எல்.இ.டி. திரையிலோ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. கறுப்புப் புள்ளி அணைந்தே கிடக்கும். அங்கே கறுப்பு உண்மையான சிக்கனமாகும்.

எவ்வகைத் திரையாயினும், கண்ணுக்குப் போதிய அளவிற்கு ஒளியைத் தாழ்த்துவோம். வேலையில்லாதபோது திரையை அணைப்போம். எடுத்த விண்ணப்பத்தை எழுதி முடிக்க அச்சிக்கனம் துணை நிற்கும்.