மூட்டை கட்ட நேரமில்லாமல் போனவர்கள்

இன்றைக்குப் பேசப்போகிற விஷயத்தை ஹெட்போனில் கேட்பதா, வீட்டில் எல்லாரும் இருக்கும்போது ஸ்பீக்கரில் போடுவதா என்பது உங்கள் இஷ்டம். ஆனா ஒன்று சொல்லிடறேன், நான் இந்த இடத்துக்குப் போனதே எங்க அம்மாவோடதான்.

நான் சியாட்டலில் வேலை பார்க்கிறேன். அம்மா திருப்பாதிரிப்புலியூரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்தாங்க. யெல்லோஸ்டோன் பார்க்கலாம் என்று காரில் கிளம்பினோம். ஐ-90 நெடுஞ்சாலையில் ஐடஹோ மாநிலத்துக்குள் போனால், இரண்டு பக்கமும் மலை நெருக்குகிற இடத்தில் வாலஸ் என்று ஒரு ஊர் வருகிறது. ஆயிரம் பேர்கூட இல்லை. பாடலீஸ்வரர் கோயில் தேரோட்டத்துக்கு நம்ம தேரடியில் நிற்கிற கூட்டம் இதைப்போல எத்தனையோ மடங்கு. ஆனால் பழைய செங்கல் கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. நெடுஞ்சாலைக்காக ஊரை இடித்துவிடக் கூடாது என்று, கடைத்தெரு மொத்தத்தையும் பாரம்பரியச் சின்னமாகப் பதிவு செய்துவிட்டார்கள். சியாட்டலிலிருந்து பாஸ்டன் வரை ஐ-90-இல் கடைசியாக மிச்சமிருந்த டிராஃபிக் சிக்னல் இந்த ஊரில்தான் இருந்தது. 1991-இல் புறவழிப் பாலம் கட்டி அதை எடுத்தபோது, சிக்னலைச் சவப்பெட்டியில் வைத்து இறுதி ஊர்வலமே நடத்தியிருக்கிறார்கள். குசும்பு பிடிச்ச ஊர்.

காபி குடிக்க இறங்கினோம். சீடர் தெருவில் நடந்துபோனால் ஒரு பலகை: ஒயாசிஸ் போர்டெல்லோ மியூசியம். அம்மா எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, "போர்டெல்லோன்னா என்னாடி?" என்று கேட்டாங்க. சுத்தி வளைக்காமல் சொன்னேன். ஒரு நிமிஷம் அந்தப் பலகையையே பார்த்தாங்க. "டிக்கெட் எவ்ளோ?"

முதலில் இந்த ஊரில் இது எப்படி வந்தது என்று சொல்லிடறேன். வாலஸ் ஒரு சுரங்க ஊர். 1880-களில் இந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளி கிடைத்தது. இதுவரை எடுத்தது நூறு கோடி அவுன்ஸுக்கு மேல். நமக்கும் பக்கத்தில் நெய்வேலி இருக்கு இல்லையா, அதை வைத்து யோசித்தால் வித்தியாசம் புரியும். நெய்வேலியில் சுரங்கத்தோடு சேர்த்து டவுன்ஷிப்பையும் கட்டினார்கள். குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று குடும்பத்தோடு வந்து குடியேறுகிற ஊர். வாலஸுக்கு ஆரம்பத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். கையில் காசு, தங்குவதற்கு ஒரு கட்டில், நாளைக்கு உயிரோடு மேலே வருவோமா என்பது நிச்சயமில்லை. 1972 மே மாதம் பக்கத்திலிருக்கும் சன்ஷைன் சுரங்கத்தில் தீப்பிடித்து 91 பேர் செத்துப்போனார்கள். அப்படிப்பட்ட ஊரில் சாராயக் கடையும் இந்த விடுதிகளும் ஆரம்பத்திலேயே வந்துவிட்டன.

வந்தது ஆச்சரியமில்லை. நின்றதுதான் ஆச்சரியம். மாநிலச் சட்டப்படி பாலியல் தொழில் குற்றம். ஆனால் வாலஸில் 1980-கள் வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்தே நடந்தது. லக்ஸ் என்ற இன்னொரு விடுதியை நடத்திய டோலரஸ் ஆர்னால்ட், ஊர் உயர்நிலைப் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவுக்குச் சீருடை வாங்கிக் கொடுத்தவர். அந்தப் பள்ளியில் படித்தவர்கள் இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். பேண்டு வாசித்த பிள்ளைகளின் அப்பாக்கள் அந்த மாடிப்படி ஏறினார்களா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒயாசிஸ் இருக்கும் கட்டடம் 1895-இல் கட்டியது. மேல்மாடியில்தான் அறைகள். 1988 ஜனவரியில் ஒருநாள், எஃப்.பி.ஐ. சோதனைக்கு வருகிறது என்ற பேச்சு கிளம்பியது. அங்கே இருந்த பெண்கள் போட்டது போட்டபடி கிளம்பிவிட்டார்கள். திரும்பி வரவேயில்லை. பிறகு கட்டடத்தை வாங்கியவர்கள் மேலே போய்ப் பார்த்தால் உடை, மேக்கப் சாமான், அடுப்படியில் சாப்பாட்டுப் பொருட்கள் என்று எல்லாம் அப்படியே இருந்தன. அதைக் கலைக்காமல் காட்சியாக்கிவிட்டார்கள். அதுதான் இந்த மியூசியம்.

மாடிப்படி ஏறினால் குறுகலான நடை, வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒரு கட்டில், ஒரு மேஜை, கண்ணாடி. நான் மனசுக்குள் சிவப்பு வெல்வெட் திரை, தொங்கு விளக்கு என்று ஏதோ சினிமா செட்டைக் கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். அங்கே இருந்தது, நம்ம ஊரில் வேலைக்குப் போகிற பெண்கள் தங்குகிற ஹாஸ்டல் அறை மாதிரி. சுவரில் விலைப்பட்டியல். 8 நிமிஷம், 15 டாலர் என்று தொடங்குகிறது. நேரம் கூடக்கூட, கேட்கிற விஷயத்தைப் பொறுத்து, விலை ஏறுகிறது. அறைகளில் கிச்சன் டைமர் இருக்கிறது. கேக் வேகும்போது திருகி வைப்போமே, அதேதான். மணி அடித்தால் நேரம் முடிந்தது என்று அர்த்தம். கிடைத்த காசில் ஒரு பங்கு விடுதி நடத்துகிறவருக்கு.

எங்களோடு சுற்றிப்பார்க்க வந்தவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார், இன்னொருவர் மனைவியைக் கேலி செய்தார். நானும் லேசாகச் சிரித்தேன். எட்டு நிமிஷம் என்பதைக் கேட்டால் யாருக்கும் ஒரு சிரிப்பு வரத்தான் செய்யும். அம்மாவைத் திரும்பிப் பார்த்தால் காணோம்.

அடுப்படியில் இருந்தாங்க. அங்கே இருந்த மளிகைச் சாமான்களைப் பார்த்துக்கொண்டே, "வாங்கி வச்சதைச் சமைக்காமலே போயிருக்காளுங்க" என்றாங்க.

இதைச் சொல்கிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியணும். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 வெள்ளம் என்று கடலூரில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவர். எங்க வீட்டுப் பீரோ மேல எப்பவும் ஒரு மஞ்சப்பை இருக்கும். ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், என் மார்க் ஷீட், அப்பாவின் இறப்புச் சான்றிதழ். ஐப்பசி பிறந்தால் அதைக் கைக்கு எட்டுகிற இடத்தில் இறக்கி வைத்துவிடுவாங்க. ஓடுவது என்றால் என்ன என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் அந்த அடுப்படியை அப்படிப் பார்த்தாங்களோ என்னவோ.

பிறகு கேட்டாங்க: "இவங்கள்லாம் இப்ப உசுரோட இருக்காங்களாடி?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1988-இல் அம்மாவுக்கு 24 வயசு. அங்கே இருந்த பெண்களுக்கும் அந்த வயசோ, ஒன்றிரண்டு கூடவோ குறையவோ இருந்திருக்கலாம். அப்படியென்றால் இன்றைக்கு அவர்கள் எங்கேயோ பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். கடையில் வரிசையில் நமக்கு முன்னால் நிற்கலாம். அவர்களுடைய உள்பாடியும் நைட்டியும் இங்கே பொம்மைக்கு மாட்டி வைக்கப்பட்டிருக்கின்றன, நாம் டிக்கெட் வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பாம்பேயில் எரிமலைச் சாம்பலில் புதைந்த விடுதியைப் பார்க்க ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள். அது கி.பி. 79. கேட்க யாருமில்லை. இது அப்படியில்லையே.

மியூசியத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லலை. அது இல்லையென்றால் அந்த மாடி என்றைக்கோ அலுவலகமாகவோ தங்கும் விடுதியாகவோ மாறியிருக்கும், அப்படி ஒரு வாழ்க்கை நடந்ததற்குத் தடயமே இருக்காது. அங்கே கேள்விப்பட்ட ஒரு விஷயம் எனக்கு ரொம்ப உபயோகமாக இருந்தது. பெண்களுக்கு ஒழுங்காக டாக்டர் பரிசோதனை நடக்குமாம். ஊர்க்காரர்கள் அதை "எவ்வளவு சுத்தமாக நடத்தினார்கள் பாருங்கள்" என்ற தொனியில் சொல்வதுண்டு. வந்துபோன ஆண்களுக்குப் பரிசோதனை உண்டா என்றால், அது யாருடைய கவலையும் இல்லை.

இந்த ஏற்பாடு நமக்குப் புதுசு இல்லை. கடலூர் புனித டேவிட் கோட்டையை 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரைக்கும் எங்கள் நிலம் என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயர் அப்படி வந்ததுதான். அந்தக் கம்பெனியின் வாரிசான பிரிட்டிஷ் அரசு, படைவீரர்களுக்கு நோய் வருகிறது என்று 1864-இல் கண்டோன்மென்ட் சட்டமும், 1868-இல் தொற்றுநோய்ச் சட்டமும் கொண்டுவந்தது. பாலியல் தொழில் செய்கிற பெண் தன் பெயரைப் பதிய வேண்டும், குறித்த நாளில் பரிசோதனைக்கு வர வேண்டும், நோய் இருந்தால் 'லாக் ஹாஸ்பிட்டல்' என்ற ஆஸ்பத்திரியில் அடைத்து வைப்பார்கள். சிப்பாய்களை யாரும் அப்படி அடைக்கவில்லை. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் எதிர்ப்பு வந்து, 1888-இல்தான் 1868 சட்டத்தை எடுத்தார்கள். வாலஸ் டாக்டரும் இங்கிருந்த லாக் ஹாஸ்பிட்டலும் ஒரே கணக்குத்தான் போட்டார்கள்.

திரும்ப காரில் ஏறி ரொம்ப நேரம் அம்மா பேசவேயில்லை. மொன்டானா எல்லை தாண்டினதும், "நம்ம பக்கமும் கோயில் ஊர்ல அப்படித் தெருவுங்க இருந்துச்சு, தாசித் தெருன்னு சொல்லுவாங்க" என்றாங்க.

இங்கே நான் ஒரு நிமிஷம் நிறுத்தி, அம்மாவோடு சண்டை போட்ட மாதிரியே உங்களோடும் போடணும். தேவதாசிகள் தெருவும் ஒயாசிஸும் ஒன்றில்லை. கோயிலில் பொட்டுக் கட்டிய பெண்களுக்கு வேலை இருந்தது, பாட்டும் நாட்டியமும் இருந்தது, மானிய நிலம் இருந்தது, அம்மாவிடமிருந்து மகளுக்குச் சொத்து போனது. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் 400 பெண்களைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்தான். தளிச்சேரிப் பெண்டுகள் என்று பெயர். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். அந்த 400 பேரும் யார், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று கல்வெட்டில் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பெண்ணின் பெயர் கல்லில் இருக்கிறது. 1988-இல் ஓடிப்போன பெண்களைப் பற்றி அந்த மாடி சொல்வது உடையின் அளவை மட்டும்தான்.

ஆனால் அந்தப் பக்கத்தையே அழகாகச் சொல்லிக்கொண்டு போனால் அதுவும் பொய். சின்னப் பெண்களுக்குப் பொட்டுக் கட்டி, மிராசுதார்களுக்கு ஆசைநாயகியாக அனுப்பியதும் நடந்தது. முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் இதற்கு எதிராகப் போராடினார். அவருடைய அம்மா சந்திரம்மாளே அந்தக் குலத்தில் பிறந்தவர். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள், எங்கள் எல்லாரையும் விபசாரிகள் என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள் என்று எதிர்த்தார்கள். இரண்டு பக்கமும் அந்த வாழ்க்கையை உள்ளே இருந்து தெரிந்தவர்கள். 1947-இல் சட்டம் வந்தது. தெருப் பெயர்கள் மாறின, குடும்பங்கள் ஊர் மாறின, பெயருக்குப் பின்னால் வேறு அடையாளம் வந்தது.

அப்படியானால் நமக்கும் ஒரு மியூசியம் வேணுமா? சிதம்பரத்திலோ கடலூரிலோ ஒரு பழைய வீட்டைத் தேடிப்பிடித்து, சலங்கையும் வெற்றிலைப் பெட்டியும் வைத்து, டிக்கெட் போட்டு? வாலஸுக்குப் போவதற்கு முன்னால் கேட்டிருந்தால் கட்டாயம் வேணும் என்றிருப்பேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. மறைத்துக்கொண்ட குடும்பங்கள் காரணத்தோடுதான் மறைத்துக்கொண்டன. அந்தக் கதவைத் திறக்கிற உரிமை அவர்களுக்குத்தான், எனக்கில்லை.

அதைவிட, உள்ளே இருந்த ஒருவர் தானே எழுதி வைத்தது நம்மிடம் இருக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், 1883-இல் பிறந்தவர். சின்ன வயசிலேயே தேவதாசி வீட்டில் விடப்பட்டு வளர்ந்து, அதிலிருந்து வெளியே வந்து, மற்றவர்களையும் வெளியே கொண்டுவர ஊர் ஊராகப் போனவர். 1936-இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்' என்று ஒரு நாவல் எழுதினார். அதில் பெண்கள் கணக்குப் போடுகிறார்கள், ஏமாற்றுகிறார்கள், கோபப்படுகிறார்கள், கூட்டம் கூட்டுகிறார்கள். பொம்மைக்கு மாட்டின நைட்டி இதில் எதையும் செய்யாது.

கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் கொஞ்சம் பேருக்கு அந்தப் பெயர் வேறு விதமாகத் தெரிந்திருக்கும். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு மாசம் 1,000 ரூபாய் வருகிறதே, 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அதன் முழுப் பெயரில் இருப்பது அவர்தான். ஃபார்ம் நிரப்பும்போது யார் இந்த அம்மா என்று யோசித்திருந்தால், இவர்தான்.

கடைசியா ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு எபிசோடுக்கும் உங்கள் ஊர்க் கதையை எழுதி அனுப்புங்கள் என்று கேட்போம் இல்லையா, இந்த ஒரு தடவை தெருப் பெயரோ வீட்டுப் பெயரோ யாருடைய பாட்டி பெயரோ அனுப்ப வேண்டாம். அடுத்த எபிசோடில் ராமாமிர்தம் அம்மையாரின் நாவலைப் பற்றித்தான் பேசப்போகிறோம். நூலகத்தில் கிடைத்தால் படித்துவிட்டு வாங்க. அம்மாவும் இப்போது அதைத்தான் படிச்சுக்கிட்டிருக்காங்க. பாதி தாண்டிட்டாங்க, முடிவைச் சொல்லாதேன்னு மிரட்டியிருக்காங்க.