மேல்நுனி வெட்டப்பட்ட சிலுவைகள்



டிஸ்டோபிய நாவல்களின் மொழியை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் இரு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு சாரார் ஆசிரியர் புதிதாகப் புனைந்த சொற்களைத் தொகுத்து அகராதி போடுகிறார்கள். மறு சாரார் விவிலியம், ஷேக்ஸ்பியர் என்று பழைய நூல்களைத் தொட்டுச் செல்லும் குறிப்புகளைத் தேடி அடிக்குறிப்பு எழுதுகிறார்கள். இவ்விரண்டையும் பிரித்துப் படிக்கக் கூடாது என்பதே நான் இன்று முன்வைக்கும் வாதம். இந்நாவல்களில் புனைசொல் பழைய நினைவை அறுக்கிறது. குறிப்பு, அறுபட்ட இடத்தில் தழும்பாக நிற்கிறது. கதைமாந்தர் அந்தத் தழும்பைச் சுமந்துகொண்டே அறியாமல் வாழ்கிறார்கள். வாசகர் அதைப் பார்த்துவிடுகிறார். நம்மைப் பதறவைப்பது இந்த இடைவெளிதான்.

ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் வெளியிட்ட ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவலைப் பாருங்கள். அவ்வுலகின் ஆண்டுக் கணக்கு, ஹென்றி ஃபோர்டின் ‘டி’ மாடல் கார் வெளிவந்த 1908இலிருந்து தொடங்குகிறது. கதை நடப்பது 632ஆம் ஆண்டில். சிலுவைகளை அங்கே யாரும் உடைத்தெறியவில்லை. ஒவ்வொன்றின் மேல்நுனியையும் வெட்டி, காரின் பெயரிலுள்ள ஆங்கில ‘டி’ எழுத்தாக்கிவிட்டார்கள். வயிற்றின்மேல் ‘டி’ குறி இட்டுக்கொள்ளும் சாதாரணக் குடிமகனுக்கு, அது எதன் மிச்சம் என்று தெரியாது. ‘சோமா’வும் அப்படித்தான். ரிக் வேதத்தின் ஒன்பதாம் மண்டலம் முழுவதும் போற்றிப் பாடும் சோமத்தின் பெயர், கவலை மறக்க விழுங்கும் மாத்திரைக்குப் போயிருக்கிறது. வேள்வியும் வேண்டுதலும் உதிர்ந்துபோய் மயக்கம் மட்டும் தங்கியிருக்கிறது. இந்தச் சொல்லைப் புனைசொல் பட்டியலில் சேர்ப்பதா, குறிப்புப் பட்டியலில் சேர்ப்பதா? எதில் சேர்த்தாலும் பாதிப் பொருள் போய்விடும்.

ஜார்ஜ் ஆர்வெல்லுக்கு வருவோம். அவருடைய நாவலில் ஆளும் கட்சி வகுக்கும் புதுமொழியான ‘நியூஸ்பீக்’ பற்றி மொழியியலாளர் தரப்பிலிருந்து வரும் மறுப்பு பழையது, வலுவானது: ஒரு சொல்லை அகராதியிலிருந்து நீக்கிவிட்டால் அந்த எண்ணமே மனிதனுக்குத் தோன்றாது என்பதை எப்படி ஏற்பது? பெயர் வைக்கத் தெரியாத வலியும் வலிக்கத்தானே செய்கிறது? மறுப்பை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1949இல் வந்த அந்நாவலின் பின்னிணைப்பை நிதானமாகப் படித்தால், ஆர்வெல்லின் வாதம் ஊன்றி நிற்கும் இடம் வேறு என்பது புலப்படும். புதுமொழி முழுமையாக நடைமுறைக்கு வரும் ஆண்டு 2050 என்று அங்கே குறிக்கப்படுகிறது. அத்தனை காலம் எதற்கு? ஷேக்ஸ்பியர், மில்டன், டிக்கன்ஸ் போன்றோரின் நூல்களைப் புதுமொழியில் பெயர்த்து முடித்து, மூலங்களை அழித்தாக வேண்டும். அந்த வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. அதற்காகவே அவ்வளவு அவகாசம் என்று பின்னிணைப்பே சொல்கிறது. அமெரிக்காவின் 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தைப் புதுமொழியில் சொல்ல முயன்றால், பத்தி முழுவதையும் ‘சிந்தனைக் குற்றம்’ என்ற ஒரே சொல் விழுங்கிவிடும் என்றும் காட்டுகிறது. சொற்களைக் குறைப்பதே குற்றமென்றால் சி. கே. ஓக்டன் 1930இல் 850 சொற்களோடு வகுத்த ‘பேசிக் இங்கிலீஷ்’ கூடக் குற்றமாகும். ஓக்டன் எந்த மூலநூலையும் அழிக்கச் சொல்லவில்லை. ஆர்வெல்லின் கட்சி அழிக்கிறது. ஒரு சொல்லைக் கேட்டதும் மனம் இன்னொரு நூலுக்கு ஓடுகிறதே, அந்த ஓட்டத்தை நிறுத்துவதுதான் அதன் நோக்கம்.

நூலை அழிக்காமலே இதைச் சாதிக்கலாம் என்று காட்டியவர் மார்கரெட் அட்வுட். 1985இல் வந்த ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலில், பயிற்சி நிலையத்துப் பெண்கள் இனிப்பு உண்டபின் மூன்று முறை ஒரு வாசகத்தை ஒப்பிக்கிறார்கள். திறனுக்கேற்பக் கொடுப்பதும் தேவைக்கேற்பப் பெறுவதும் பற்றியது அது. கொடுக்குமிடத்தில் பெண்பால், பெறுமிடத்தில் ஆண்பால். அப்போஸ்தலர் பணிகள் நூலில் பவுல் சொன்னது என்று அவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. அதன் மூலவடிவத்தைப் புகழ்பெறச் செய்தவர் 1875இல் எழுதிய கார்ல் மார்க்ஸ். அப்போஸ்தலர் பணிகளோ மரபுப்படி லூக்கா எழுதிய நூல். பொய்க்கு இத்தனை அடுக்கு! சரிபார்க்க வழியில்லை, பெண்கள் படிப்பது குற்றம், விவிலியம் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலிலும் இதே வேலைதான். புத்தகம் எரிக்கும் ஃபயர்மேன்களின் விதிநூல், 1790இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளினே தங்கள் முதல்வர் என்கிறது. உண்மையில் அவர் 1736இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது தீயணைக்கும் படை; 1790 அவர் இறந்த ஆண்டு.

ஆன்டனி பர்ஜஸின் ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ என் வாதத்துக்குக் குறுக்கே நிற்கிறது எனலாம். 1962இல் வந்த அந்நாவலின் ‘நாட்சாட்’ அரசு திணித்த மொழியல்ல. ரஷ்யச் சொற்களை வளைத்துத் தெருப்பையன்கள் பேசும் கொச்சை அது. சொற்களைக் குறைக்காமல் பெருக்குகிறது. புனைசொல் எல்லாமே மேலிருந்து இறங்குவதில்லை என்பதை இந்நாவலுக்காக ஏற்றே ஆகவேண்டும். ஆனாலும் அரசு கதைநாயகன் அலெக்ஸைத் ‘திருத்தும்போது’ எதைப் பறிக்கிறது என்று கவனியுங்கள். நாட்சாட் அவன் நாவிலேயே இருக்கிறது. பீத்தோவன் இசையைக் கேட்டாலோ குமட்டுகிறது.

குறிப்புகள் படித்தவர்களுக்கு மட்டுமே விளங்கும் என்பது இன்னொரு குறை. நல்ல ஆசிரியர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். ஹக்ஸ்லி, தம் கதைமாந்தனான ஜான் கையில் கிழிந்த ஷேக்ஸ்பியர் தொகுப்பைக் கொடுத்து அவனையே பேசவைக்கிறார். அட்வுட்டோ ராகேல், அவள் பணிப்பெண் பில்காள் பற்றிய ஆதியாகமப் பகுதியை நாவலின் முகப்பிலேயே வைக்கிறார். தமிழுக்கு வரும்போது இந்தக் கணக்கு மாறும். சோமா இங்கே விளக்கமில்லாமலே புரியும். பில்காளைத் தமிழ் விவிலியம் புழங்கும் வீடுகளில் உடனே அறிவார்கள், மற்றவர்களுக்கு முகப்பு வரிகளே துணை. மேல்நுனி வெட்டிய சிலுவையோ ஆங்கில எழுத்தின் வடிவம் தெரிந்தால்தான் கண்முன் வரும். எதை மொழிபெயர்ப்பில் அப்படியே விடுவது, எதற்கு நாவலுக்குள்ளேயே வழிசெய்வது என்பதை மொழிபெயர்ப்பு அமர்வில் பேசுவோர் எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.