கம்யூட்டேஷன் எவ்வளவு போடலாம்?

ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயல் பக்கம் பல வீடுகளில் இப்போது ரிட்டையர்மென்ட் பேச்சுதான். டேங்க் ஃபேக்டரி, எஞ்சின் ஃபேக்டரி, கிளோதிங் ஃபேக்டரி எல்லாம் 2021 அக்டோபர் 1 அன்று அரசு நிறுவனங்களாக மாறின. ஆனாலும் 2004க்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி, ஆயுள் முழுக்க.

அந்தப் பென்ஷனில் 40 சதவீதம் வரை விட்டுக்கொடுத்து, மொத்தமாகப் பணம் வாங்கிக்கொள்ளலாம். அதுதான் கம்யூட்டேஷன். "எல்லாரும் நாற்பதுதான் போடுறாங்க, நீங்களும் போடுங்க அண்ணே" என்று கூட வேலை பார்ப்பவர் சொல்வார். படிவத்தில் கையெழுத்தும் விழுந்துவிடும். நாற்பது என்பது உச்சவரம்பு. பத்தும் போடலாம், இருபதும் போடலாம், ஒன்றுமே போடாமலும் விடலாம்.

கணக்கைப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால் பென்ஷன் 30,000. அதில் நாற்பது சதவீதம் 12,000. அறுபது வயதில் ஓய்வு பெறுபவருக்கு அரசு அட்டவணை தரும் காரணி 8.194. பன்னிரண்டாயிரத்தை அதனாலும், பிறகு பன்னிரண்டு மாதத்தாலும் பெருக்கினால் 11,79,936 ரூபாய் கைக்கு வரும். வருமான வரி கிடையாது. பதிலுக்கு 15 ஆண்டுகள் மாதாமாதம் 12,000 பிடிப்பார்கள். கூட்டினால் 21,60,000. இதைக் கடனாக நினைத்துப் பார்த்தால் வட்டி ஆண்டுக்கு ஒன்பது சதவீதம் அளவில் வருகிறது.

பதின்மூன்று, பதினான்கு சதவீதத்தில் தனிநபர் கடன் கட்டிக்கொண்டிருப்பவர் தாராளமாக கம்யூட் செய்யலாம். மகள் கல்யாணத்துக்கு வேறு வழியில்லை என்றாலும் சரிதான். ஆனால் அந்தப் பணத்தை அப்படியே டெபாசிட்டில் போட என்றால் எனக்குச் சம்மதமில்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமே 2025இல் 8.2 சதவீதம்தான் தந்தது; அந்த வட்டிக்கும் வரி உண்டு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அகவிலைப்படி முழு 30,000 ரூபாய்க்கும் கிடைக்கும். பென்ஷன்தாரர் இடையில் இறந்துவிட்டால் மீதித் தொகையை யாரிடமும் கேட்பதில்லை. குடும்பப் பென்ஷனிலும் கைவைப்பதில்லை. உடல்நலம் சரியில்லாதவருக்கு இது பெரிய விஷயம்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். கிராஜுவிட்டி, பி.எஃப்., விடுப்புச் சம்பளம், கம்யூட்டேஷன் எல்லாம் சேர்ந்தாற்போல் வரும்போது, வேப்பம்பட்டில் மனை காட்டுகிறவரும் வருவார், மாதம் மூன்று வட்டி தருகிறேன் என்பவரும் வருவார். பிரிட்டனில் டாடா எஃகு ஆலைகளின் பென்ஷன் திட்டத்தை 2017இல் மாற்றியமைத்தபோது, சுமார் 8,000 பேர் உறுதியான பென்ஷனை அடியோடு விட்டுவிட்டுத் தனியார் திட்டங்களுக்குப் போனார்கள். அவர்களுக்குத் தரப்பட்ட ஆலோசனைகளை ஆராய்ந்த அந்நாட்டு நிதி ஆணையம், அவற்றில் கிட்டத்தட்டப் பாதி பொருந்தாதவை என்றது. நம் ஊரில் விட்டுக்கொடுப்பது நாற்பதோடு நிற்கிறது, பதினைந்து ஆண்டில் திரும்பியும் வருகிறது. அந்த மட்டில் நல்லது.

அவசரப்படத் தேவையில்லை. ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை கிடையாது. மற்றப் பணம் வந்து சேரட்டும், கடன் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பார்க்கட்டும். பிறகு சதவீதத்தை எழுதுங்கள். ஒருமுறை கம்யூட் செய்துவிட்டால் மாற்ற முடியாது.

கேரள அரசு தன் ஓய்வூதியர்களுக்கு 12 ஆண்டிலேயே முழுப் பென்ஷனைத் திருப்பித் தருகிறது. மத்திய அரசும் அப்படித் தர வேண்டும் என்று சங்கங்கள் நெடுநாளாகக் கேட்கின்றன, நியாயமான கோரிக்கை. அதுவரை, பிடித்தம் முடியும் தேதியைப் பென்ஷன் ஆணையின் மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள். அப்போது உங்களுக்கு எழுபத்தைந்து வயது. வீட்டில் இன்னொருவருக்கும் அந்தத் தேதி தெரிந்திருக்க வேண்டும்.