மாமனார் வீட்டில் மருமகளுக்கு என்ன பாத்தியதை?

(மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



நம்மிடம் வரும் பெண்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "பத்து வருஷம் அந்த வீட்டுக்கு உழைத்துக் கொட்டினேனே, விவாகரத்து என்று வந்தால் மாமனார் சொத்தில் எனக்குப் பங்கு உண்டா?" இனிப்பாக ஏதாவது சொல்லி அனுப்புவது நமது வேலையல்ல. பங்கு கிடையாது. மாமனார் சம்பாதித்த வீடு மாமனாருடையது; மாமியார் பெயரில் உள்ள நிலம் மாமியாருடையது. பூர்வீகச் சொத்திலும் புருஷனுக்குத்தான் பாத்தியதை. மனைவி பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மகன் முந்தி இறந்து, பிறகு மாமனார் உயில் எழுதாமல் இறந்தால், விதவை மருமகள் அவருடைய சொத்துக்கு முதல் வகுப்பு வாரிசு. புருஷன் செத்தால் பங்கு உண்டு. புருஷன் அடித்துத் துரத்தினால் இல்லை! களை பறித்ததும், மாடு கறந்ததும், கிழவர் படுக்கையில் கிடந்தபோது பணிவிடை செய்ததும் இரண்டு மருமகள்களுக்கும் ஒன்றுதானே? பத்திரத்தையும் ரத்தத்தையும் பார்க்கிற சட்டம் உழைத்த கையைப் பார்ப்பதில்லை.

அப்படியானால் தெருவில் நிற்க வேண்டியதுதானா? இல்லை. சொத்தில் பங்கு வேறு, குடியிருக்கும் உரிமை வேறு. 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொது. வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை அது தருகிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும் சரி. ஆனால் 2006 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், மாமியார் பெயரிலுள்ள வீட்டில் மருமகள் அந்த உரிமையைக் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. பதினான்கு வருஷம் அந்தத் தீர்ப்பைக் காட்டியே கதவைச் சாத்தினார்கள். 2020 அக்டோபரில் அதே கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் அது சரியான சட்டமல்ல என்று தள்ளினார்கள். முதியோர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி மருமகளை விரட்டுவதற்கும் அதே வருஷம் டிசம்பரில் தடை விழுந்தது. வயதானவர்களின் நிம்மதியையும் கோர்ட் பார்க்கத்தான் செய்யும், அது நியாயமே. அவசியமானால் வேறு வீடு பார்த்துக் கொடு, அல்லது வாடகை கொடு என்று உத்தரவிடலாம். ராத்திரியில் பெட்டியைத் தூக்கி வெளியே எறிய மட்டும் யாருக்கும் அதிகாரமில்லை.

இங்கேதான் நம் பெண்கள் ஏமாறுகிறார்கள். "சம்மத விவாகரத்து" என்று காகிதத்தை நீட்டுகிறார்கள். பெண்ணும் அழுதுகொண்டே கையெழுத்துப் போடுகிறாள். விவாகரத்துத் தீர்ப்பு வந்தபின் அந்த வீட்டில் இருக்கும் உரிமைக்கு வாதாடுவது வெகு கடினம். வழக்கு நடக்கையில் புருஷன் இறந்தால் அவள் மனைவி, வாரிசு; தீர்ப்புக்குப் பின் இறந்தால் ஒன்றுமில்லை. ஜீவனாம்சத்தைத் தொகையாக எழுதி வாங்காமல், புருஷனின் அசையாச் சொத்தின்மேல் அதற்குப் பொறுப்பு ஏற்றாமல், கையெழுத்திடாதீர்கள். 1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது.

நகை, பாத்திரம், பீரோ? அது ஸ்திரீதனம், மாமியார் பெட்டியில் இருந்தாலும் உங்களுடையது. திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்று 1985லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஜாபிதாவும் கல்யாணப் போட்டோவும் பத்திரமாக இருக்கட்டும்.

2023இல் சென்னை ஹைக்கோர்ட், வீட்டைப் பராமரித்த மனைவியின் உழைப்பும் சொத்து வாங்கியதில் சேர்ந்தது என்று ஒரு வழக்கில் ஒப்புக்கொண்டு, சமபங்கு தந்தது. அது புருஷன் வாங்கிய சொத்து, மாமனார் சொத்தல்ல. விவாகரத்தில் புருஷனின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் மசோதா ஒன்று 2013இல் ராஜ்யசபையில் நிறைவேறியது. லோக்சபையில் நிறைவேறாமலே 2014இல் காலாவதியாயிற்று. அப்படியொரு மசோதாவை மறுபடி கொண்டுவரச் சொல்லும் மகஜருக்குத்தான் வாசலில் மேஜை போட்டிருக்கிறோம்.