ஐந்து வயதில் பேசிய பிள்ளை

('பிள்ளை வளர்ப்பில் பெற்றோரின் பதற்றம் தேவையா, தேவையற்றதா?' என்ற பட்டிமன்றத்தில் 'தேவையே' என்ற அணியில் பேசியது)

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, இது எப்போது அழ ஆரம்பிக்குமோ என்ற பதற்றத்தோடு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். "அந்தக் காலத்தில் பத்துப் பிள்ளை பெற்றார்கள். எது எப்போது குப்புற விழுந்தது, எது எப்போது நடந்தது என்று யாராவது நோட்டில் எழுதிவைத்தார்களா?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். ஐயா, எழுதிவைத்தார்கள்! நோட்டில் இல்லை, ஓலையில் எழுதிவைத்தார்கள். அதற்குப் பிள்ளைத்தமிழ் என்று பெயர். (கைதட்டல்)

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று போகும். மொத்தம் 10 பருவம். செங்கீரை என்றால் என்ன? ஐந்தாம் மாதம். பிள்ளை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிறது. சப்பாணி ஒன்பதாம் மாதம். உட்கார்ந்து கை கொட்டுகிறது. வருகை என்றால் தளர்நடை போட்டு வருகிறது. இன்றைக்குக் குழந்தை டாக்டர் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு டிக் போடுகிறாரே, அதே சங்கதிதான். இதில் ஒரு வேடிக்கை. எந்தப் பருவத்தை எத்தனையாவது மாதத்தில் பாடுவது என்று இலக்கணம் சொல்ல வந்த பாட்டியல் நூல்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. இலக்கணப் புலவர்களுக்கே மாதக் கணக்கு உதைக்கிறது என்றால், ஆதம்பாக்கத்தில் இருக்கிற என் மகளுக்கு உதைக்காதா? (சிரிப்பு)

என் பேத்தி தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து போவாள். தரையைத் துடைக்கிற வேலை எங்களுக்கு மிச்சம். (சிரிப்பு) கீழ்வீட்டுப் பையன் பத்தாம் மாதமே நடந்துவிட்டான். சாயங்காலம் நந்தீஸ்வரர் கோயிலுக்குப் போனால் அவன் பிரகாரத்தில் ஓடுகிறான். என் பேத்தி இடுப்பில் இருக்கிறாள். அவன் பாட்டி சும்மா இருப்பார்களா? "உங்க குட்டி இன்னும் நடக்கலையா?" என்று கேட்பார்கள். அது கேள்வி இல்லை ஐயா, பேரனைப் பற்றிய அறிக்கை! என் மகள் கோயிலுக்குப் போகிற நேரத்தையே மாற்றிக்கொண்டாள்.

கடைசியில் டாக்டர்தான் சிரித்துக்கொண்டே கணக்குச் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கு. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 பிள்ளைகளைக் கூடவே இருந்து பார்த்து எழுதியது. ஆரோக்கியமான பிள்ளை பிடிக்காமல் தனியாக நடக்கத் தொடங்குகிற வயது, ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை! இடையில் ஒன்பது மாதத்துக்கு மேல் இருக்கிறது; இன்னொரு பிள்ளையே பெற்றுவிடலாம். (பலத்த சிரிப்பு) முட்டி போட்டுத் தவழாமலே போன பிள்ளைகள் நூற்றுக்கு 4 பேர் அதில் உண்டு. என் பேத்தி பதினைந்தாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, சமையலறையில் அப்பளம் பொரிக்கிற வாசனைக்கு எழுந்து நடந்தாள்.

ஆகவே, அடுத்த வீட்டைப் பார்த்து வருகிற இந்தப் பதற்றம் இருக்கிறதே, இதை எதிரணிக்கே தானமாகக் கொடுத்துவிடுகிறேன்.

(நடுவர்: "அப்ப நீங்க எந்த அணி?" - சிரிப்பு)

பொறுங்கள், நடுவர் அவர்களே. இனிமேல் சொல்லப்போவதை நான் இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் தெருவில் ஓர் இளம் தாய். ஒன்றரை வயதுப் பெண் குழந்தையோடு என்னைப் பார்க்க வந்தாள். "சார், கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறா. கதவு படார்னு அடிச்சாலும் தூக்கம் கலையல. இன்னும் 'அம்மா'ன்னு ஒரு வார்த்தை வரல" என்றாள். வீட்டில் சொன்னால் மாமியார், "எங்க வம்சமே லேட்டாதான் பேசும். உன் புருஷனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்கிறார்கள். புருஷன், "நீ சும்மா பயப்படாத" என்கிறான். சரி, தெருவில் ஒரு டாக்டர் இருக்கிறாரே என்று என்னிடம் வந்தாள். நான் தமிழுக்குத்தான் டாக்டர். (சிரிப்பு)

நான் என்ன செய்தேன் தெரியுமா? குமரகுருபரர் கதையைச் சொன்னேன். ஐந்து வயதுவரை பேசாத பிள்ளை திருச்செந்தூரில் பேசியது, எடுத்த எடுப்பில் கந்தர் கலிவெண்பா பாடியது, பிறகு மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழே பாடியது என்று முக்கால் மணி நேரம் சொன்னேன். என் வீட்டுக்காரி காபி கொடுத்தாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள். ஒரு தாய்க்குத் தைரியம் சொன்னோம் என்று எனக்கு அன்றைக்கு நல்ல தூக்கம்.

பத்து மாதம் போயிற்று. அவளுடைய அம்மா ஊரிலிருந்து வந்தார்கள். படிக்காதவர்கள். வந்த மறுநாள், குழந்தைக்குப் பின்னால் நின்று ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கீழே போட்டார்கள். மாடிவீட்டுக்காரர் பதறி ஓடிவந்தார். குழந்தை திரும்பவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். தலையில் ஒயர் ஒட்டித் தூங்கவைத்து எடுக்கிற பெரா பரிசோதனை. இரண்டு காதும் கேட்கவில்லை.

காது கேளாத பிள்ளையும் முதல் சில மாதம் 'ங்கு' சொல்லும். முகம் பார்த்துச் சிரிக்கும். நிழல் அசைந்தால் திரும்பும். அதனால் வீட்டில் நாலு பேருக்குத் தெரியாது. கூடவே கிடக்கிற ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் சொன்னால் நாம் கதை சொல்லி அனுப்பிவிடுகிறோம். பேச்சு மூளையில் படிகிற வயது முதல் சில வருஷம்தான். அதில் பத்து மாதத்தை நான் காபி கொடுத்து வாங்கிக்கொண்டேன், ஐயா. (அமைதி)

அன்று இரவு அந்தக் கதையையே மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஸ்ரீவைகுண்டத்துச் சண்முக சிகாமணிக் கவிராயரும் சிவகாமசுந்தரி அம்மையாரும், "தானா பேசும்" என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தார்களா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போய்ச் சந்நிதியில் கிடந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த பெரிய இடம் அதுதான், அங்கே போனார்கள். பதறினார்கள் ஐயா! இருபத்தைந்து வருஷமாக வகுப்பில் அந்தக் கதையைச் சொல்கிறேன். பிள்ளை பேசியதைச் சொல்லியிருக்கிறேன். பெற்றவர்கள் பதறியதைச் சொன்னதே இல்லை. (கைதட்டல்)

பதற்றத்தை மதித்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? திருவனந்தபுரத்து மருத்துவர்கள் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக, 17 விஷயங்களைக் கொண்ட ஓர் அட்டையை உண்டாக்கி 1991இல் வெளியிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இல்லை. ஒரு கோடு, இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை என்று. பிள்ளையின் வயதில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்துப் பார்த்தால், கடந்திருக்க வேண்டியது எது, இன்னும் வராதது எது என்று அங்கன்வாடி அம்மாவே சொல்லிவிடுவார்கள். முக்கால் மணி நேரக் கதை தேவையில்லை.

அந்தக் குழந்தைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உள்காதுக் கருவி வைத்தார்கள். கருவியை முதன்முதலில் இயக்கியபோது வீரிட்டு அழுதாளாம். பிறகு வருஷக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. அம்மாக்காரி வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறினாள். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. தெருவில் பார்த்தால் அதே கும்பிடு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன மாதம் ஏரிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து "தாத்தா, தாத்தா" என்று ஒரு குரல். நான் இந்தப் பட்டிமன்றத்துக்கு என்ன பேசலாம் என்ற யோசனையில் போய்க்கொண்டிருந்தேன், திரும்பவில்லை. அந்தக் குழந்தை அம்மாவிடம் சொல்கிறாள்:

"அம்மா, தாத்தாவுக்குக் காது கேக்கல. நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் அவர்களே. (நீண்ட கைதட்டல்)