பட்டியல் எங்கே பிறந்தது?



"பெயரைச் சேர்த்தனான் அப்பா, ஆனால் பட்டியலில் இல்லை!" பைதன் மொழி படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தப் புலம்பலைக் கேட்டிருப்பீர்கள். பட்டியலில் பெயர் விடுபட்டால் என்னவாகும் என்பதை, முகாம் வரிசையில் நின்ற எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே இன்று அதைப் பற்றியே பேசுவோம்.

ஃபங்ஷன் என்பதைக் கந்தோரில் இருக்கும் கிளாக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கொப்பியை அவரிடம் கொடுத்தால், 'அப்பென்ட்' என்ற கட்டளைப்படி அதிலேயே பெயரை எழுதுவார். வேலை முடிந்த பின்பும் பெயர் உங்கள் கொப்பியில் இருக்கும். கொப்பி கொடுக்காவிட்டால், தானே ஒரு புதுத்தாள் எடுத்து எழுதுவார். அதை 'ரிட்டேர்ன்' என்று திருப்பித் தரச் சொல்லாவிட்டால், வேலை முடிந்ததும் தாளும் போய்விடும், பெயரும் போய்விடும். பிள்ளையின் புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றை நானே செய்தேன். எங்கள் பிள்ளைகளின் சுற்றுலாவுக்கு இரண்டு பஸ்கள். பெயர்களைச் சேர்க்க ஒரு ஃபங்ஷன் எழுதினேன். கொப்பி கொடுக்காவிட்டால் வெறும் பட்டியலை எடுத்துக்கொள் என்று அதன் தலைப்பு வரியிலேயே எழுதிவிட்டேன். முதல் பஸ்ஸுக்கு 14 பெயர்களைச் சேர்த்து அச்சடித்தேன். சரியாக இருந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறியவர்கள் 12 பேர். பட்டியலில் 26 பெயர்கள்! வராத 14 பிள்ளைகளைத் தேடிப் பொறுப்பாசிரியை பதறிப்போனார்.

நடந்தது இதுதான். தலைப்பு வரியில் எழுதும் வெறும் பட்டியலை, ஃபங்ஷனை வரையறுக்கும்போது பைதன் ஒரேயொரு தடவை மட்டும் உருவாக்கும். ஒவ்வொரு அழைப்பிலும் அதே பழைய தாள்தான் வரும். பரிகாரம் இலகு. தலைப்பு வரியில் 'நன்' என்று எழுதுங்கள். உள்ளே, நன்னாக இருந்தால் புதுப் பட்டியல் எடு என்று சொல்லுங்கள். கடைசியில் பட்டியலைத் திருப்பித் தாருங்கள். அடுத்த பெயரைச் சேர்க்கும்போது அந்தப் பட்டியலையே கையில் கொடுங்கள்.

இன்னொன்று. 'அப்பென்ட்' தரும் விடையும் நன் தான். அதைப் பட்டியலின் பெயருக்குச் சமன் போட்டால், அந்தப் பெயரில் ஒன்றும் மிஞ்சாது.

எனவே பிள்ளை தடுமாறினால் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பட்டியல் எங்கே பிறந்தது?" நிரலாக்கம் தெரியாத அம்மாவும் இதைக் கேட்கலாம். விடை தேடும்போதே பிழை பிடிபட்டுவிடும்.